ஸ்டேஷனில் எழுதி வாங்கினால் போதுமா? குடும்ப வன்முறைக்கு எதிரான 'பாதுகாப்பு உத்தரவு' பெறுவது எப்படி? - முழு விளக்கம்

"இனிமேல் என் மனைவியை அடிக்க மாட்டேன், குடித்துவிட்டு வந்து தகராறு செய்ய மாட்டேன்."

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைப் பேப்பரில் இப்படி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு கணவர் வெளியே வருகிறார். "குடும்பம்னா நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி மனைவியையும் அவருடனேயே அனுப்பி வைக்கிறார்கள். பத்து நாள் அமைதி. பதினோராவது நாள் மறுபடியும் அதே அடி, அதே வசவு. இந்த முறை கூடுதலாக ஒரு வரி: "என்னையவே ஸ்டேஷன்ல உட்கார வச்சியா?"

தமிழ்நாட்டில் பல பெண்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அந்த வெள்ளைப் பேப்பரை மீறினால் கணவருக்கு உடனடியாக என்ன தண்டனை? பெரும்பாலும் எதுவுமில்லை. ஆனால் அதே வாக்குறுதியை நீதிமன்றம் ஓர் உத்தரவாகப் போட்டால், அதை மீறுவதே தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

அந்த உத்தரவுக்குப் பெயர்தான் 'பாதுகாப்பு உத்தரவு'. இது எப்படிக் கிடைக்கும்? யாரிடம் போவது? புகார் கொடுத்தால் கணவர் ஜெயிலுக்குப் போய்விடுவாரா? வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்குமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்தச் சட்டம் இது?

'குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005'. நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26-ம் தேதி.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு, அடிபடும் பெண்ணுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவில் கிரிமினல் புகார் கொடுப்பது. இன்னொன்று, விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போவது. முதல் வழியில் கணவர் கைதாகலாம். இரண்டாவது வழியில் திருமணமே முடிந்துவிடும்.

"எனக்கு அவரை ஜெயில்ல போடவும் வேண்டாம், டைவர்ஸும் வேண்டாம். அடிக்காம இருந்தா போதும், குழந்தைகளோட நிம்மதியா வீட்ல இருக்கணும்" என்று கேட்ட பெண்ணுக்குப் பொருத்தமான பதில் சட்டத்தில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2005 சட்டம் வந்தது.

இது அடிப்படையில் சிவில் தன்மை கொண்ட நிவாரணச் சட்டம். மனு போட்டவுடன் யாரும் கைதாக மாட்டார்கள். நீதிமன்றம் முதலில் சொல்வது 'நிறுத்து' என்பதைத்தான். அந்த உத்தரவை மீறினால்தான் கிரிமினல் வழக்கு.

எத்தனை பெண்கள் பாதிக்கப்படுகிறார்கள்?

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில், கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தேசிய அளவில் சுமார் 29 சதவிகிதம். தமிழ்நாட்டில் இது சுமார் 38 சதவிகிதம். அதாவது, ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர்.

இதைவிட முக்கியமான இன்னொரு எண்ணும் அதே ஆய்வில் இருக்கிறது. உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் உதவி கேட்டுப் போனவர்கள் தேசிய அளவில் வெறும் 14 சதவிகிதம். 77 சதவிகிதம் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

அடித்தால் மட்டும்தான் குடும்ப வன்முறையா?

இல்லை. சட்டத்தின் 3-வது பிரிவு நான்கு வகையான வன்முறையைச் சொல்கிறது.

உடல்ரீதியானது: அடிப்பது, உதைப்பது, தள்ளிவிடுவது, சூடு வைப்பது.

பாலியல்ரீதியானது: பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் எந்தப் பாலியல் நடத்தையும் இதில் அடங்கும். கணவர் என்பதால் விதிவிலக்கு கிடையாது.

வார்த்தை மற்றும் மனரீதியானது: கேவலமாகத் திட்டுவது, "மலடி" என்பது, ஆண் குழந்தை பெறவில்லை என்று குத்திக் காட்டுவது, "உங்க அம்மா வீட்டுக்குப் போய் கொளுத்துறேன்" என்று மிரட்டுவது.

பொருளாதார ரீதியானது: வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை அடகு வைப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, வீட்டு வாடகை கட்டாமல் விடுவது.

வரதட்சணை கேட்டு துன்புறுத்துவதும் இதற்குள் வரும்.

கடைசி வகையைப் பலர் வன்முறையாகவே நினைப்பதில்லை. ஓர் உதாரணம் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் அவர் பெயரில் பேங்க் அக்கவுன்ட்டுக்கு வருகிறது. ஏ.டி.எம் கார்டு கணவரின் சட்டைப் பையில். மூன்றாவது படிக்கும் மகனுக்கு நோட்டு வாங்கக்கூட அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இருக்கும் வீடு மாமனார் பெயரில். குடித்துவிட்டு வரும் நாட்களில் அடி. திருப்பிக் கேட்டால், "இது எங்கப்பா கட்டின வீடு, வெளிய போடி" என்ற பதில்.

இதில் அடி மட்டுமல்ல, ஏ.டி.எம் கார்டும் வன்முறைதான். "வெளிய போ" என்பதும் வன்முறைதான். இந்தப் பெண்ணுக்குச் சட்டம் என்னவெல்லாம் தரும் என்பதைக் கீழே பார்ப்போம்.

யார் யார் மனு போடலாம்?

மனைவி மட்டுமே போடலாம் என்பது தவறான எண்ணம். ஒரே வீட்டில் ரத்த உறவு, திருமணம், தத்து அல்லது திருமணம் போன்ற உறவின் மூலம் சேர்ந்து வாழும் அல்லது வாழ்ந்த எந்தப் பெண்ணும் மனு போடலாம்.

மகன் அடிக்கிறான் என்றால் அம்மா போடலாம். அண்ணன் கொடுமைப்படுத்தினால் தங்கை போடலாம். கணவரை இழந்த பெண் புகுந்த வீட்டார் மீது போடலாம். திருமணம் செய்யாமல், கணவன் மனைவி போலவே சேர்ந்து வாழும் பெண்ணும் போடலாம். விவாகரத்து ஆகிவிட்டாலும், சேர்ந்து வாழ்ந்த காலத்தில் நடந்த வன்முறைக்காக நிவாரணம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

யார் மீது போடலாம்? சட்டத்தில் முதலில் 'வயது வந்த ஆண்' என்று இருந்தது. 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த வார்த்தைகளை நீக்கிவிட்டது. எனவே இப்போது மாமியார், நாத்தனார் போன்ற பெண்கள் மீதும் மனு போட முடியும்.

ஆண்கள் இந்தச் சட்டத்தில் மனு போட முடியாது. பிள்ளைகளால் துன்புறும் வயதான தந்தைக்கு, 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது.

பாதுகாப்பு உத்தரவில் என்ன இருக்கும்?

சட்டத்தின் 18-வது பிரிவுதான் பாதுகாப்பு உத்தரவு. இதன்படி, எதிர் தரப்பினர் இதையெல்லாம் செய்யக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம்:

- எந்த வகையிலும் குடும்ப வன்முறையில் ஈடுபடக் கூடாது. மற்றவர்களைத் தூண்டிவிடவும் கூடாது.
- அந்தப் பெண் வேலை பார்க்கும் இடத்துக்கோ, குழந்தை படிக்கும் பள்ளிக்கோ போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.
- நேரிலோ, போனிலோ, மெசேஜிலோ, எழுத்திலோ தொடர்புகொள்ளக் கூடாது.
- பேங்க் அக்கவுன்ட், லாக்கர், நகை, சொத்து ஆகியவற்றை நீதிமன்ற அனுமதி இல்லாமல் கையாளவோ விற்கவோ கூடாது. பெண்ணின் சீதனப் பொருட்களும் இதில் அடங்கும்.
- அவருக்கு உதவி செய்யும் பெற்றோர், உறவினர், தோழி யாரையும் மிரட்டவோ தாக்கவோ கூடாது.

கடைசித் தடையைக் கவனியுங்கள். பல பெண்கள் அம்மா வீட்டுக்குப் போகத் தயங்குவதே, "அங்கயும் வந்து ரகளை பண்ணுவாரு, அப்பாவுக்கு அவமானம்" என்ற பயத்தில்தான். அந்த அப்பாவுக்கும் சேர்த்தே இந்த உத்தரவு பாதுகாப்பு தரும்.

வீடு யார் பெயரில் இருந்தாலும் தங்கலாமா?

பெண்கள் அதிகம் பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். சட்டத்தின் பதில் தெளிவானது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. வீட்டில் அவருக்குப் பங்கு இருக்கிறதா, பத்திரம் யார் பெயரில் என்பது பிரச்னை இல்லை. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. இது 17-வது பிரிவு.

வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தால்? 2006-ல் வந்த ஒரு தீர்ப்பு, அப்படிப்பட்ட வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று சொன்னது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அந்தப் பெண் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அதுவும் 'சேர்ந்து வாழ்ந்த வீடு'தான் என்றது.

ஆனால் இதில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். தங்கும் உரிமை என்பது சொத்துரிமை ஆகாது. வயதான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். விருந்தாளியாகச் சில நாள் தங்கிய உறவினர் வீட்டில் இந்த உரிமையைக் கேட்க முடியாது.

19-வது பிரிவின்படி 'குடியிருப்பு உத்தரவு' வாங்கினால், பெண்ணை வெளியேற்றக் கூடாது என்று தடை போடலாம். வீட்டை விற்கத் தடை விதிக்கலாம். அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடு, அல்லது வாடகை கொடு என்று சொல்லலாம். தேவைப்பட்டால், கணவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லலாம். இப்படி வெளியேற்றும் உத்தரவை வீட்டில் உள்ள பெண்கள் மீது மட்டும் போட முடியாது.

"புருஷனை வீட்டை விட்டு அனுப்புறதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வந்தது. கணவரை வெளியேற்றுவது ஒன்றுதான் வீட்டில் அமைதி திரும்ப வழி என்றால், அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் நீதிமன்றங்கள் அப்படி உத்தரவிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

பணம், குழந்தை, நகை?

ஒரே மனுவில் இவற்றையும் கேட்கலாம்.

மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் போன நாட்களின் சம்பளம், உடைக்கப்பட்ட பொருட்களின் மதிப்பு, தனக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்திர ஜீவனாம்சம் எல்லாம் 20-வது பிரிவில் வரும். கணவர் பணம் தராமல் இழுத்தடித்தால், அவர் வேலை பார்க்கும் நிறுவனமே சம்பளத்தில் பிடித்து நேரடியாகப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

குழந்தைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்க 21-வது பிரிவு. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க 22-வது பிரிவு. சீதனமாகக் கொண்டு வந்த நகை, பாத்திரம், பொருட்களைத் திருப்பித் தரச் சொல்லவும் வழி உண்டு.

சரி, முதலில் யாரிடம் போவது?

நான்கு வழிகள் இருக்கின்றன. எது பக்கத்தில் இருக்கிறதோ, எது பாதுகாப்பானதோ அதில் போகலாம்.

1. பாதுகாப்பு அலுவலர்: இந்தச் சட்டத்துக்காகவே நியமிக்கப்படும் அரசு அதிகாரி. தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இவரைப் பற்றி விசாரிக்கலாம். என்ன நடந்தது என்று கேட்டு ஓர் அறிக்கை தயார் செய்வார். 'டி.ஐ.ஆர்' என்று நீதிமன்றத்தில் சொல்வது இதைத்தான். மனு எழுத, இலவச வக்கீல் பெற, தங்க இடம் பார்க்க, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப உதவ வேண்டியது இவரது கடமை. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், போதிய காரணமில்லாமல் கடமையைச் செய்ய மறுத்தால் இவருக்கே தண்டனை உண்டு.

2. ஒருங்கிணைந்த சேவை மையம்: 'சகி' மையம் என்றும் சொல்வார்கள். தங்குமிடம், கவுன்சிலிங், போலீஸ், சட்ட உதவி எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கச் செய்வதுதான் இதன் நோக்கம்.

3. காவல் நிலையம்: அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம், பக்கத்து ஸ்டேஷனுக்கும் போகலாம். உங்களுக்கு இந்தச் சட்டத்தில் என்னென்ன உரிமைகள் உள்ளன, பாதுகாப்பு அலுவலர் யார், இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டியது போலீசாரின் கடமை. இது 5-வது பிரிவில் உள்ளது. புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். "பேசி அனுப்பிட்டோம்" என்பதற்கு ஆதாரம் கிடையாது, ரசீதுதான் ஆதாரம்.

4. நேரடியாக நீதிமன்றம்: ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 12-வது பிரிவின் கீழ் நீங்களே மனு போடலாம். பல மாவட்டங்களில் கூடுதல் மகளிர் நீதிமன்றங்கள் இதை விசாரிக்கின்றன. பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாவிட்டாலும் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? கவலை வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் தகுதி உண்டு. ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் இதற்கான அலுவலகம் இருக்கும்.

எந்த ஊரில் மனு போடுவது?

நம் திருப்பூர் உதாரணத்துக்கு வருவோம். அந்தப் பெண் மகனைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வழக்குக்காகத் திருப்பூருக்கு அலைய வேண்டுமா? வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். வேலை பார்க்கும் ஊரிலும் போடலாம். வன்முறை நடந்த ஊரிலும் போடலாம். எங்கே உத்தரவு வாங்கினாலும் அது இந்தியா முழுக்கச் செல்லும்.

"அவர் அடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சே, இப்ப மனு போட முடியுமா?" என்ற சந்தேகமும் வரலாம். தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. கிரிமினல் வழக்குகளுக்கான ஓராண்டுக் காலக்கெடு, நிவாரணம் கேட்டுப் போடும் இந்த மனுவுக்குப் பொருந்தாது. அதற்காகத் தள்ளிப் போடுவது நல்லதல்ல. நாளாக நாளாக ஆதாரம் குறையும்.

எத்தனை நாளில் உத்தரவு கிடைக்கும்?

சட்டப்படி, மனு போட்ட மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணைத் தேதி தர வேண்டும். முதல் விசாரணையில் இருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயற்சி செய்ய வேண்டும்.

நடைமுறை வேறு. நோட்டீஸை வாங்காமல் தட்டிக் கழிப்பது, வாய்தா மேல் வாய்தா என்று வழக்கு மாதக்கணக்கில் இழுப்பது சகஜம். பாதுகாப்பு அலுவலர்களின் பற்றாக்குறையும் ஒரு காரணம். மாவட்டம், தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது.

அதனால்தான் 23-வது பிரிவை மறக்கக் கூடாது. 'இடைக்கால உத்தரவு' தரும் பிரிவு இது. இறுதித் தீர்ப்பு வரும் வரை காத்திருக்காமல், நடந்ததைச் சொல்லி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், எதிர் தரப்பைக் கேட்காமலேயே மாஜிஸ்திரேட் உடனடியாகத் தற்காலிக உத்தரவு போடலாம். வக்கீலிடம் நீங்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: "இடைக்கால உத்தரவுக்கும் சேர்த்து மனு போட்டிருக்கீங்களா சார்?"

என்னென்ன ஆதாரம் வேண்டும்?

எல்லாம் இருந்தால்தான் மனு போட முடியும் என்பதில்லை. பெண்ணின் வாக்குமூலமே முக்கியமான ஆதாரம். ஆனால் இவை இருந்தால் வழக்கு பலமாகும்:

அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்த சீட்டு, ஏ.ஆர் காப்பி. டாக்டர் கேட்கும்போது "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் ரெக்கார்டில் அதுதான் ஏறும். யார் அடித்தது என்பதை அப்படியே சொல்லுங்கள்.

காயத்தின் போட்டோ, மிரட்டிய வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் ஒரிஜினல் மெசேஜை அழிக்காதீர்கள், போனை ஃபார்மட் செய்யாதீர்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

நகை வாங்கிய பில், கல்யாண போட்டோ, பேங்க் ஸ்டேட்மென்ட். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டார், தெரிந்த உறவினர்.

தேதி வாரியாக நடந்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், நீதிமன்றத்தில் தடுமாறாமல் சொல்ல உதவும்.

கிளம்புவதற்கு முன்...

மனு போடும் நேரமும், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும்தான் ஆபத்து அதிகமாக இருக்கும் நேரம். கோபத்தில் "கோர்ட்டுக்குப் போறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு, அம்மா வீட்டிலோ தோழி வீட்டிலோ கொடுத்து வையுங்கள். கணவர் உங்கள் போனைப் பார்ப்பவர் என்றால், உதவி எண்ணுக்கு வேறு ஒருவரின் போனில் இருந்து பேசுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்த ஹிஸ்டரியையும் அழித்துவிடுங்கள்.

உத்தரவு கைக்கு வந்த பிறகு என்ன செய்வது?

உத்தரவின் நகலை இலவசமாகத் தர வேண்டும். உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கும் நீதிமன்றம் நகல் அனுப்பும். அது ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று ஒருமுறை நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பள்ளியில் ஒரு நகலும், வேலை இடத்தில் ஒரு நகலும் கொடுத்து வைப்பது நல்லது.

ஒரு நாள் இரவு கணவர் மறுபடியும் வாசலில் வந்து நின்றால்? கதவைத் திறந்து சமாதானம் பேச வேண்டிய அவசியமில்லை. 112-க்குக் கூப்பிட்டு, "கோர்ட்ல பாதுகாப்பு உத்தரவு இருக்கு, அதை மீறி வந்திருக்காரு" என்று சொல்லுங்கள். வெள்ளைப் பேப்பருக்கும் இந்த உத்தரவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

31-வது பிரிவின்படி பாதுகாப்பு உத்தரவையோ, இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையோ மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம். ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. சாட்சி யாரும் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை மட்டுமே வைத்து, குற்றம் நடந்தது என்ற முடிவுக்கு நீதிமன்றம் வரலாம்.

இந்த உத்தரவு எத்தனை நாளைக்கு? "போதும், ரத்து செய்யுங்கள்" என்று அந்தப் பெண்ணே மனு கொடுக்கும் வரை அமலில் இருக்கும். சூழ்நிலை மாறினால், இரு தரப்பில் யார் கேட்டாலும் மாஜிஸ்திரேட் விசாரித்து மாற்றம் செய்யலாம். உத்தரவில் உடன்பாடு இல்லை என்றால் 30 நாட்களுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

மனு போட்டால் திருமணம் முறிந்துவிடுமா?
இல்லை. இது விவாகரத்து வழக்கு அல்ல. சேர்ந்து வாழ்ந்துகொண்டே பாதுகாப்பு உத்தரவு வைத்திருக்கலாம்.

கணவர் மீது கிரிமினல் வழக்கும் போட முடியுமா?
முடியும். இந்தச் சட்டம் மற்ற வழிகளை அடைக்கவில்லை. பழைய 498ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக உள்ளது. அது தனி வழக்கு. அதைப் போடுவதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு.

குடும்ப நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு நடக்கிறதே?
அதே நீதிமன்றத்திலும் இந்த நிவாரணங்களைக் கேட்கலாம். ஏற்கெனவே ஜீவனாம்சம் வாங்கினால் அதை மறைக்காமல் மனுவில் சொல்ல வேண்டும்.

விசாரணையில் எல்லோர் முன்னாலும் பேச வேண்டுமா?
தேவையில்லை. மூடிய அறையில் விசாரிக்கும்படி கேட்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் தகவல் கொடுக்கலாமா?
தாராளமாக. வன்முறை நடக்கிறது அல்லது நடக்கப் போகிறது என்று நம்பும் யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்ன தகவலுக்காக அவர் மீது வழக்கு வராது. "அது அவங்க வீட்டு விவகாரம்" என்று டி.வி சத்தத்தைக் கூட்டி வைப்பதற்குச் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லை.

நம் திருப்பூர் பெண்ணுக்கு இப்போது என்ன கிடைக்கும்? உசிலம்பட்டியில் இருந்தபடியே மனு. பனியன் கம்பெனி வாசலுக்கும், மகனின் பள்ளிக்கும் கணவர் வரத் தடை. அவரது அக்கவுன்ட்டில் கணவர் கை வைக்கத் தடை. மாமனார் பெயரில் உள்ள வீட்டில் தங்க வழி, அல்லது வேறு வீட்டுக்கு வாடகை. மகனுக்கு மாதச் செலவு. இவ்வளவும் கேட்க அவர் கணவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியதில்லை, தாலியைக் கழற்ற வேண்டியதும் இல்லை. அடுத்து ஜெயிலா, அமைதியா என்பது கணவர் அந்த உத்தரவுக்குக் கட்டுப்படுகிறாரா என்பதைப் பொறுத்தது.

அடுத்த முறை ஸ்டேஷனில் "எழுதி வாங்கி அனுப்புறோம்மா" என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: "பாதுகாப்பு அலுவலரை எங்க பார்க்கணும் சார்?"

உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்:

அவசர உதவி: 112
பெண்கள் உதவி எண்: 181
காவல்துறை பெண்கள் உதவி எண்: 1091
இலவச சட்ட உதவி: 15100